கயிற்றின் மேல்முனை

1

செப்டம்பர் 14 திருச்சிலுவைத் திருவிழா. அதற்கு ஒரு மாதம் முன்னாடியே மணப்பாட்டு வீடுகளில் ஏணிகள் வெளியே வந்துவிடும். வெளியூரில் இருக்கிற பிள்ளைகள் ஊர் திரும்புவதற்குள், பூட்டிக் கிடந்த வீட்டை மனுசர் இருக்கிற வீடாக மாற்றியாக வேண்டும். மோட்டார் ஓடாது. மாடித் தொட்டியில் பாசி. சன்ஷேடுக்கு அடியில் காரை பெயர்ந்து கம்பி பல்லைக் காட்டும். குளியலறை சுவிட்சைத் தொட்டால் விரலில் சுருக்கென்று ஏறும். ஒவ்வொன்றுக்கும் தனி ஆள் தேட யாருக்கும் நேரம் கிடையாது. எல்லா வேலையும் தெரிந்த ஒருவருக்குப் போன் போட்டால் முடிந்தது.

அவருடைய தொழிலுக்கு நம்மிடம் சரியான பெயர்கூட இல்லை. கொத்தனார், தச்சர், எலக்ட்ரீஷியன், பெயிண்டர் என்று தனித்தனிப் பெயர்கள் உண்டு. இவர் ஒவ்வொன்றிலும் கொஞ்சம். “எல்லா வேலையும் பாப்பாரு” என்பதுதான் அவருடைய பதவி. காலையில் தொட்டிக்குள் இறங்குவார், மதியம் ஏணியில் நிற்பார், சாயங்காலம் மெயின் போர்டுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். ஒரு தொழிற்சாலையில் மூன்று துறைகளுக்குப் பிரித்துக் கொடுக்கிற ஆபத்துகளை ஒரே ஆள், ஒரே நாளில், ஒரே ஜோடி ரப்பர் செருப்போடு சந்திக்கிறார்.

தொழிற்சாலை என்றால் பாதுகாப்புக்கென்று ஒரு அதிகாரி இருப்பார், ஒரு பதிவேடு இருக்கும், சுவரில் ஒரு போர்டாவது தொங்கும். இவருக்கு முதலாளி யார் என்று கேட்டால், அன்றைக்கு அந்த வீட்டில் காபி போட்டுக் கொடுத்தவர்தான். அதாவது நாம். நம்மை நாம் முதலாளி என்று ஒருநாளும் நினைத்துக்கொள்வதில்லை. முதலாளி என்றால் பெரிய ஆள், கார் வைத்திருப்பவர், யாரோ. ஆனால் ஒரு மனிதர் நம் சொல்லுக்காக நம் வீட்டுக் கூரையில் ஏறுகிறார். அந்த நிமிடத்தில் நாம் வேறு யாராக இருக்க முடியும்?

“பாத்து செய்ங்க அண்ணாச்சி” என்று கீழே நின்று சொல்கிறோம். “நான் பாத்துக்கிடுதேன்” என்கிறார் அவர். பெரும்பாலான வீடுகளில் பாதுகாப்பு ஏற்பாடு இந்த இரண்டு வாக்கியங்களோடு முடிந்துவிடுகிறது. முதல் வாக்கியம் பொறுப்பை ஏணி வழியாக மேலே அனுப்புகிறது. இரண்டாவது அதை வாங்கி மடியில் கட்டிக்கொள்கிறது. அதற்கப்புறம் நாம் உள்ளே போய் டிவி பார்க்கலாம்.

கேள்வி இதுதான்: ஒரு நாள் வேலைக்கு வந்தவரின் உயிருக்கு நாம் எவ்வளவு கடன்பட்டிருக்கிறோம்? கூலி பேசினோம், கூலி கொடுத்தோம். அதற்கு மேல் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் அது நம் நல்ல மனசா, அவருக்குச் சேர வேண்டிய பாக்கியா?

2

இதை மணப்பாட்டில் வைத்துக் கேட்பதற்குக் காரணம் உண்டு. ஆபத்தான ஒரு வேலையை இரண்டு பேர் எப்படிப் பங்கு போட்டுக்கொள்வது என்பதை இந்தக் கரை நூற்றாண்டுகளாக யோசித்திருக்கிறது. வேம்பாறில் தொடங்கித் தெற்கே வரும் முத்துக்குளித்துறையின் ஏழு ஊர்களில் மணப்பாடும் ஒன்று. 1542-ல் பிரான்சிஸ் சவேரியார் இங்கே வந்தபோது அவர் சந்தித்த பரதவர்கள் கடலுக்குள் மூச்சடக்கி இறங்குகிறவர்கள்.

முத்துக்குளிப்பு வெளியிலிருந்து பார்த்தால் தனி ஆளின் சாகசம் மாதிரித் தெரியும். சினிமாவும் அப்படித்தான் காட்டும். உண்மையில் அது இரண்டு பேர் வேலை. குளியாள் ஒரு கல்லின் மேல் கால் வைத்து நிற்பார். கல்லில் ஒரு கயிறு, சிப்பி அள்ளும் பையில் இன்னொரு கயிறு. கயிறுகளின் மறுமுனை படகில் நிற்பவர் கையில். கல் அவரை ஐந்து முதல் பத்து பாகம் ஆழத்துக்கு இழுத்துக்கொண்டு போகும். கீழே அவருக்கு இருப்பது சுமார் ஒரு நிமிடம். அதற்குள் கைக்குக் கிடைத்த சிப்பியை அள்ளிப் பையில் போட வேண்டும். மூச்சு முடியும் நேரத்தில் கயிற்றைச் சுண்டுவார். மேலே இருப்பவர் இழுக்க வேண்டும். அவ்வளவுதான்.

இந்த ஏற்பாட்டில் மேலே நிற்பவருக்கு முத்தைப் பற்றி ஒன்றும் தெரிய வேண்டியதில்லை. நீந்தத் தெரிய வேண்டியதுகூட இல்லை. அவர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: அந்த ஒரு நிமிடம் வேறு எதையும் செய்யாமல் இருப்பது. பேச்சு, வேடிக்கை, பக்கத்துப் படகில் என்ன கிடைத்தது என்கிற விசாரணை எதுவும் கூடாது. கை கயிற்றில், புத்தி கையில்.

யாரை அந்த இடத்தில் நிறுத்துவது? மச்சானைத்தான் நிறுத்துவார்கள் என்று இந்தக் கரையில் சொல்வதுண்டு. கூடப்பிறந்த அண்ணன் தம்பிக்குள் சொத்துத் தகராறு இருக்கலாம், ஒரு நொடி கை தாமதிக்கலாம். பெண்டாட்டியின் உடன்பிறந்தானுக்கு அந்தக் கணக்கு கிடையாது. கீழே கிடப்பவன் மேலே வராவிட்டால் அவனுடைய அக்காள் தங்கச்சி தாலிதான் போகும். அதனால் சுண்டும் முன்னாடியே இழுத்துவிடுவான்.

எல்லாப் படகிலும் மச்சான்தான் நின்றாரா என்பது இங்கே முக்கியமில்லை. கதை என்ன சொல்கிறது என்று பாருங்கள். “கவனமாக இழு” என்கிற அறிவுரையை அது நம்பவில்லை. நல்ல மனிதனைத் தேடு என்றும் சொல்லவில்லை. இறங்குகிறவனுக்கு ஏதாவது ஆனால் தானும் எதையாவது இழக்கப்போகிற ஒருவனைக் கயிற்றின் மேல்முனையில் நிறுத்து என்கிறது. பாதுகாப்பைப் பற்றி நான் கேட்ட யோசனைகளிலேயே கூர்மையானது இதுதான்.

இந்த அளவுகோலை நம் வீட்டு ஏணிக்குக் கொண்டுவந்தால் நிலைமை உடனே புரியும். மேலே நிற்பவர் விழுந்தால் கீழே இருக்கும் நாம் எதை இழக்கிறோம்? ஒரு நாள் வேலை தடைப்படும், கொஞ்சம் ஆஸ்பத்திரிச் செலவு, சில நாள் மனக்கஷ்டம். இழப்பெல்லாம் வேறொரு வீட்டில், வேறொரு பெண்ணுக்கு. கயிறு அங்கேதான் அறுந்துவிடுகிறது.

3

ஆபத்தை யார் தலையில் வைப்பது என்பதற்கு இதே கடல் வேறு வேறு காலத்தில் வேறு வேறு பதில்கள் சொல்லியிருக்கிறது.

முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ‘எரித்ரேயக் கடலின் பெரிப்ளஸ்’ என்ற வணிகக் கையேடு, பாண்டிய நாட்டுக் கொற்கையின் முத்துக்குளிப்பைப் பற்றி ஒரு வரி சொல்கிறது. அந்த வேலையைத் தண்டனைக் கைதிகளே செய்தார்களாம். எழுதியவர் வணிகர், விலைக்கும் துறைமுகத்துக்கும் நடுவில் போகிறபோக்கில் குறித்துவிட்டுப் போகிறார். இது மிகப் பழைய பதில். உயிர் போனால் யாரும் கணக்குக் கேட்காத ஆளைக் கீழே அனுப்பு. அங்கே பாதுகாப்புச் செலவே இல்லை, ஏனென்றால் கீழே போகிறவனின் உயிருக்கு விலையே வைக்கவில்லை.

13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ சொல்வது வேறு. குளியாள்களைச் சுறாக்கள் தீண்டாமல் இருக்க மந்திரம் போடும் ஆட்களை வணிகர்கள் கூடவே அழைத்துப் போனார்கள். அரசருக்குப் பத்தில் ஒரு பங்கு, மந்திரக்காரருக்கு இருபதில் ஒரு பங்கு. இதைப் படித்தால் முதலில் சிரிப்பு வரும். பிறகு அந்த எண்ணைக் கவனிக்க வேண்டும். இருபதில் ஒன்று என்றால் நூற்றுக்கு ஐந்து. எடுத்த முத்தில் நூற்றுக்கு ஐந்தைக் குளியாளின் பாதுகாப்பு என்கிற கணக்கில் ஒதுக்கியிருக்கிறார்கள். இன்றைக்கு நம் வீட்டுச் சன்ஷேடைப் பூச நாம் பேசும் தொகையில் அந்தக் கணக்கில் எத்தனை ரூபாய்?

மந்திரம் சுறாவைக் கட்டியதா என்று கேட்டால் பதில் நமக்குத் தெரியும். ஆனால் அது வேறொன்றைச் செய்தது. ‘கடல்கட்டி’ என்று அழைக்கப்பட்ட அந்த ஆள் இல்லாமல் குளியாள்கள் கடலில் இறங்க மறுத்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் இலங்கைப் பக்கத்து முத்துக்குளிப்பை விவரிக்கும் எமர்சன் டென்னன்ட், இந்த நம்பிக்கையில் துளியும் பங்கில்லாத ஆங்கில நிர்வாகமே கடல்கட்டியை முத்துக்குளிப்பின் வழக்கமான ஆட்களில் ஒருவராக வைத்திருந்ததைப் பதிவுசெய்கிறார். பரம்பரையாக வரும் அந்தப் பதவியில் அப்போது இருந்தவர் ஒரு கத்தோலிக்கர் என்பதையும் சேர்த்துச் சொல்கிறார். சுறாவால் நேர்ந்த விபத்து அரிது என்பதும் அவர் குறிப்பில் உண்டு.

மூடநம்பிக்கை என்று தள்ளிவிட்டால் இதிலிருக்கும் முக்கியமான விஷயம் கை நழுவிவிடும். “நான் இறங்க மாட்டேன்” என்று சொல்ல ஏழைக் கூலியாளுக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. “எனக்குப் பயமாக இருக்கிறது” என்றால் முதலாளி சிரிப்பான். “கடல்கட்டி இன்னும் வரவில்லை” என்றால் அரசாங்கமே காத்திருந்தது. மறுக்கும் உரிமையை அந்த மந்திரம் ஒளித்து வைத்திருந்தது.

அதே மந்திரத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. மார்க்கோ போலோ சொல்கிறபடி, பகலில் போட்ட மந்திரத்தை இரவில் அவிழ்த்துவிடுவார்கள். இருட்டில் யாரும் திருட்டுத்தனமாகக் குளித்து முத்தெடுக்கத் துணியக் கூடாது என்பதற்காக. குளியாளைக் காப்பாற்ற வந்த அதே ஏற்பாடு முதலாளியின் சொத்துக்குக் காவலாகவும் நின்றது. இன்றைய பாதுகாப்புச் சடங்குகளில் இந்த இரண்டாவது முகம்தான் அதிகம். “ஏதாவது நேர்ந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல” என்று போர்டு எழுதி வைப்பது, வேலைக்கு வருகிறவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்வது எல்லாம் யாரைக் காப்பாற்றுகிறது? அந்தக் காகிதம் ஏணியைப் பிடிக்காது.

4

“அவருக்குத் தெரியாதா என்ன? தெரிஞ்சுதானே ஏறுறாரு. இஷ்டம் இல்லன்னா வேண்டாம்னு சொல்லலாமே.” நியாயமான வாதம் மாதிரித்தான் இருக்கிறது. வளர்ந்த மனிதர், ஆபத்து தெரியும், விலை பேசினார், ஒத்துக்கொண்டார். அவருடைய சம்மதத்தை மதிப்பதுதானே மரியாதை?

பொருளாதாரத்தில் இந்த வாதத்துக்கு மதிப்பான பரம்பரை உண்டு. 1776-ல் ஆடம் ஸ்மித், கஷ்டமான அருவருப்பான வேலைகளுக்கு அந்தக் கஷ்டத்தை ஈடுகட்டும் அளவுக்குக் கூலி கூடும் என்று எழுதினார். அதை நீட்டினால், ஆபத்துக்கான விலை கூலிக்குள்ளேயே அடங்கியிருக்கிறது, தனியாகக் கடன் எதுவும் பாக்கியில்லை என்று ஆகிவிடும். 1848-ல் ஜான் ஸ்டூவர்ட் மில் இதை உடைத்தார். மிகவும் களைப்பூட்டும், யாரும் விரும்பாத வேலைகளுக்குத்தான் எல்லாவற்றையும்விடக் குறைவான கூலி கிடைக்கிறது, ஏனென்றால் வேறு வழியில்லாதவர்கள்தான் அவற்றைச் செய்கிறார்கள் என்றார். நம் தெருவில் நிற்கிற யாருக்கும் மில் சொன்னது புத்தகம் படிக்காமலே தெரியும். செப்டிக் டாங்கில் இறங்குகிறவருக்கு ஏசி மாட்டுகிறவரைவிட அதிகக் கூலி என்று எந்த ஊரில் பார்த்திருக்கிறோம்?

சம்மதம் என்ற சொல்லுக்கு எடை இருக்க வேண்டுமென்றால் மறுப்பதற்கும் இடம் இருக்க வேண்டும். சில்லறை வேலை பார்ப்பவர் ஒரு வீட்டில் மறுத்தால் அந்த வீடு போகும். அது சொல்லி இன்னும் நாலு வீடு போகும். “அவரு ரொம்ப பிகு பண்ணுவாரு” என்று பேர் வந்துவிடும். கூட ஒரு கையாளைக் கூட்டிவந்து ஏணியைப் பிடிக்க வைத்தால் இன்னொரு கூலி சேரும். அந்தத் தொகையைச் சொன்னதும் நாம், “முன்னாடி வந்தவரு தனியாத்தானே செஞ்சாரு” என்போம். இந்த ஒரு வாக்கியத்தில் ஏணி பிடிக்கிற ஆள், அதாவது கயிறு பிடிக்கிற ஆள், கணக்கிலிருந்து அடிபட்டுப் போகிறார்.

இப்படியே வருசக்கணக்காக நடந்தால் சந்தை ஒரு பாடம் கற்றுக்கொடுக்கும். “ஒண்ணும் ஆவாது, நான் ஏறிருவேன்” என்று சொல்பவருக்கு வேலை. “இதுக்குச் சாரம் கட்டணும்” என்று சொல்பவருக்கு ஓய்வு. துணிச்சல் அவருடைய சுபாவம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதைக் குறைந்த விலைப்புள்ளியைத் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து வளர்த்தவர்கள் நாம்.

5

இதற்கு எதிராக வரும் மறுப்புகளில் வலுவானது ஒன்று உண்டு. “அவருக்குத்தான் வேலை தெரியும். எனக்கு ஒரு ஸ்குரூகூடத் திருகத் தெரியாது. இருபது வருசம் ஏணியில் நின்றவருக்கு நான் பாதுகாப்புப் பாடம் எடுப்பது திமிர் இல்லையா?”

திமிர்தான். அந்தப் பாடத்தை யாரும் எடுக்க வேண்டாம். கயிறு பிடிப்பவர் குளியாளுக்குக் குளிக்கக் கற்றுக்கொடுப்பதில்லை. (இருபது வருசம் விழாமல் ஏறியவர்தான் நம் முன்னால் நின்று பேசுகிறார், விழுந்தவர்கள் பேச வருவதில்லை என்பதையும் ஆனைக்கும் அடி சறுக்கும் என்பதையும் மனசுக்குள் வைத்துக்கொண்டால் போதும்.) அவருக்கு வேலை தெரியும், நம் வீடு தெரியாது. நமக்கு வேலை தெரியாது, வீடு தெரியும். நம்முடைய கடமை முழுக்க இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

மணப்பாட்டு வீட்டையே எடுத்துக்கொள்வோம். கடல் காற்றின் உப்பு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு, இரும்பாக இருந்தபோது எடுத்துக்கொண்ட இடத்தைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும். உள்ளிருந்து தள்ளும். முதலில் முடி அளவு விரிசல், பிறகு உப்பல், பிறகு காரை விழும். போன மழையில் அந்தச் சன்ஷேடிலிருந்து ஒரு துண்டு விழுந்தது நமக்குத் தெரியும். இரண்டு கோட் பெயிண்ட் அடித்தபின் புதிதாக வருகிறவருக்கு அது உறுதியான நிற்குமிடமாகத்தான் தெரியும்.

மின்சாரமும் அப்படித்தான். “மெயின ஆஃப் பண்ணியாச்சு” என்று உள்ளேயிருந்து குரல் கொடுக்கிறோம். வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. மெயினை நிறுத்தினாலும் மூன்று லைட்டுக்கும் இரண்டு ஃபேனுக்கும் அதிலிருந்து மின்சாரம் வந்துகொண்டே இருக்கும். எந்த லைன் இன்வெர்ட்டரில் போகிறது என்று வீட்டுக்காரருக்குத் தெரியும், வயரைப் பிரிக்கிறவருக்குத் தெரியாது. நிறுத்தி வைத்த மெயினை, விஷயம் தெரியாத மாமனார் வந்து போட்டுவிடலாம். தொழிற்சாலைகளில் இதற்கு எளிமையான ஒரு முறை உண்டு. சுவிட்சை அணைத்துப் பூட்டுப் போட்டு, சாவியை வேலை செய்கிறவர் தன் பையிலேயே வைத்துக்கொள்வார். வீட்டில் பியூஸ் கட்டையைக் கழற்றி அவர் கையிலேயே கொடுத்துவிடலாம். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியை போர்டில் மாட்டுவது வீட்டுக்காரர் எடுக்க வேண்டிய முடிவு. அதைத் தன் டூல் பையில் கொண்டுவர அவரால் முடியாது.

ஆபத்தைக் கையாள்வதற்குப் பாதுகாப்புத் துறையில் ஒரு வரிசை சொல்வார்கள். முதலில் ஆபத்தையே இல்லாமல் ஆக்கு. முடியாவிட்டால் ஆபத்து குறைந்த வேறொன்றை வை. அதுவும் முடியாவிட்டால் தடுப்பு கட்டு. பிறகு வேலை செய்யும் முறையை மாற்று. எல்லாம் போன பிறகு கடைசியாகத்தான் தலைக்கவசமும் கையுறையும். இந்த வரிசையை வீட்டு வேலைக்குப் பொருத்திப் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகும். கடைசிப் படி ஒன்றுதான் கூலிக்கு வந்தவர் கையில் இருக்கிறது. மேல் படிகள் எல்லாம் வீட்டுக்காரர் கையில். தொட்டிக்குள் ஆள் இறங்காமல் கழுவும்படி அடியில் ஒரு வால்வு வைப்பதா, சன்ஷேடில் நிற்காமல் சாரம் கட்டுவதா, திருவிழாவுக்கு முந்தின நாள் இருட்டில் செய்யச் சொல்லாமல் இரண்டு வாரம் முன்னால் கூப்பிடுவதா என்பதையெல்லாம் அவர் வந்து இறங்குவதற்கு முன்பே நாம் முடிவுபண்ணிவிட்டோம்.

ஆனாலும் விபத்து நடந்ததும் வாயில் வருவது, “அவரு கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாம்.” இதற்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. அமெரிக்கக் காப்பீட்டுத் துறையைச் சேர்ந்த ஹெர்பர்ட் ஹைன்ரிக் 1931-ல் எழுதிய புத்தகத்தில், தொழில் விபத்துகளில் 88 சதவீதம் மனிதர்களின் பாதுகாப்பற்ற செயல்களால் நடப்பவை என்றார். அந்த எண் உலகம் முழுக்கச் சுற்றியது. பிறகு வந்தவர்கள் கேட்ட கேள்வி சாதாரணமானது: அந்தச் செயலை அவர் ஏன் செய்ய வேண்டிவந்தது? ஏணி குட்டையாக இருந்ததால் மேல் படியில் நின்றார். இன்றைக்கே முடிக்கச் சொன்னதால் இருட்டிய பிறகும் நின்றார். கடைசியாகத் தவறியது அவருடைய கால்தான். அதற்கு முந்தைய முடிவுகளில் வேறு ஆட்களின் கையெழுத்து இருக்கிறது.

6

சட்டம் இதையெல்லாம் பார்த்துக்கொள்ளாதா? சட்டம் எங்கே கோடு போடுகிறது என்று பார்ப்போம். 1996-ன் கட்டடத் தொழிலாளர் சட்டம் பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களுக்கானதாக இருந்தது. பத்து லட்சம் ரூபாய்க்குள் தன் சொந்தக் குடியிருப்புக்கு வேலை வைத்தவர் அதற்கு வெளியே இருந்தார். 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அந்தத் தொகையை ஐம்பது லட்சமாக உயர்த்தியது. நம் வீட்டு ஏணி இந்த ஓட்டைக்குள் சௌகரியமாக நிற்கும். தமிழ்நாட்டில் 1982-ன் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் 1994-ல் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் அமைந்தது. எலக்ட்ரீஷியன், பிளம்பர், பெயிண்டர் எல்லோரும் அதில் பதிந்துகொள்ளலாம். விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு உதவித்தொகை உண்டு. நல்ல ஏற்பாடு. ஆனால் அது கயிறு அறுந்த பிறகு வருகிற கை.

ஒரே ஒரு குழிக்கு மட்டும் சட்டம் வீட்டு வாசல்வரை வந்திருக்கிறது. 2013-ன் சட்டம், பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளைச் சாக்கடைக்குள்ளோ செப்டிக் டாங்குக்குள்ளோ இறக்குவதை நிறுவனங்களுக்கு மட்டுமில்லாமல் எந்தத் தனிமனிதருக்கும் தடை செய்கிறது. முதல் முறைக்கே இரண்டு ஆண்டுவரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய்வரை அபராதம் அல்லது இரண்டும். 2014-ல் உச்ச நீதிமன்றம் இத்தகைய சாவுக்குப் பத்து லட்சம் இழப்பீடு என்றது. 2023-ல் அதை முப்பது லட்சமாக்கியது. அந்த வாயு மோசமானது. அழுகின முட்டை மாதிரி நாறும் ஹைட்ரஜன் சல்பைடு, அளவு கூடும்போது மூக்கின் மோப்பத்தையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டது, இறங்கலாம் என்று நினைக்கிற இடம்தான் சாகிற இடம். முதல் ஆள் மயங்கினதும் தூக்கப் போன இரண்டாவது ஆளும் சாகிறார்.

அந்தக் குழிக்குள் யாரை இறக்குகிறார்கள் என்பதில் சாதி இருக்கிறது. பெரிப்ளஸ் எழுதியவர் பார்த்த கைதிகளுக்குத் தீர்ப்பாவது இருந்தது. இவர்களுக்குப் பிறப்பே தீர்ப்பு. யாருடைய உயிரைக் கணக்கில் எடுக்காமல் விடலாம் என்று ஒரு சமூகம் முடிவு செய்துவைத்திருக்கிறதோ அவர்கள் வாசலில்தான் ஆபத்தான வேலை போய் நிற்கிறது. நம்முடைய சில்லறை வேலைக்காரர் அந்தக் கடைசிப் படியில் இல்லாமல் இருக்கலாம். “தொட்டியத் திறந்தாச்சு, அப்படியே அதையும் ஒரு எட்டு பாத்துருங்களேன்” என்று கூடுதலாக இருநூறு ரூபாய் நீட்டும்போது அவரையும் அங்கே தள்ளிவிடுகிறோம். பல வேலை தெரிந்தவரின் தனி ஆபத்து இது. “அப்படியே” என்ற ஒரு சொல்லில் அவருக்குப் பழக்கமில்லாத வேலை ஒன்று தலையில் வந்து விழும்.

7

இதெல்லாம் மச்சானுக்குச் சரி, முன்பின் தெரியாதவருக்கு எப்படி? கடைசியில் நிற்கும் கேள்வி இது. முத்துக்குளிப்பின் யோசனை உறவை நம்பியது. தங்கச்சி தாலி அங்கே பிணை. நமக்கும் ஏணியில் நிற்பவருக்கும் நடுவில் அப்படி ஒன்றும் இல்லை.

இல்லைதான். ஆனால் உறவு அங்கே என்ன வேலை செய்தது என்று பிரித்துப் பார்க்கலாம். அது மேலே இருப்பவரின் கவனத்தைக் கீழே இருப்பவரின் மூச்சோடு கட்டியது. அன்பு அதற்கு ஒரு வழி, சுயநலம் ஒரு வழி. மூன்றாவதும் ஒன்று இருக்கிறது. நம் சொல்லால் ஒருவர் ஆபத்தின் மேல் நிற்கிறார், அந்த ஆபத்தின் பெரும்பகுதி நம் வசம் இருக்கிறது, அவரால் மறுக்க முடியாது என்பது நமக்குத் தெரியும். இந்த மூன்றும் சேர்ந்தால் கடன் உருவாகிவிடுகிறது. அதற்கு அவர் நமக்குச் சொந்தமாக இருக்க வேண்டியதில்லை. நல்லவராகக்கூட இருக்க வேண்டியதில்லை. கூலியில் அது கழிவதுமில்லை, ஏனென்றால் கூலி அவருடைய உழைப்புக்கு. அவருடைய உயிரை நாம் விலை பேசவே இல்லை.

மன்னார் வளைகுடாவின் தூத்துக்குடிப் பக்கத்தில் முத்துக்குளிப்பு பெரிய அளவில் கடைசியாக நடந்தது 1961-ல். அதற்குப் பிறகும் சங்கு குளிக்கிறவர்கள் இருக்கிறார்கள். கல்லும் கயிறும் போய்ப் படகில் இருக்கும் கம்ப்ரசரிலிருந்து வரும் ரப்பர் குழாய் வந்தது. இதனால் கீழே இருக்கும் நேரம் நீண்டது. கூடவே வேகமாக மேலே வந்தால் இரத்தத்தில் நைட்ரஜன் குமிழி கட்டுகிற புது ஆபத்தும் வந்தது. ஆனால் படகில் ஒருவர் நிற்க வேண்டும் என்பது மாறவில்லை. இயந்திரம் நின்றுவிடாமல், குழாய் முறுக்கிக்கொள்ளாமல் பார்க்க ஒரு ஆள் வேண்டும். தொழில்நுட்பம் எவ்வளவு மாறினாலும் மேல்முனைக்கு ஒரு மனிதர் தேவை.

வீட்டில் அது பெரிய தியாகம் ஒன்றும் கேட்காது. வேலை பேசும்போதே, “ஏணி பிடிக்க ஒரு ஆளும் கூட்டிட்டு வாங்க, அவருக்கும் சேத்துச் சொல்லுங்க” என்று நாமே முதலில் சொல்லிவிடுவது. அவர் கேட்டால் பேரம், நாம் சொன்னால் ஏற்பாடு. வந்ததும் வீட்டின் குறைகளைக் கூச்சப்படாமல் சொல்வது: இந்தச் சன்ஷேடு ஆடும், இந்த லைன் இன்வெர்ட்டரில் போகுது, இந்தப் பலகைக்கு அடியில் கிணறு. ஏணி நாலடி உயரத்துக்கு ஓரடி வெளியே தள்ளி நிற்கிறதா, கால் மணலில் புதைகிறதா என்று சேர்ந்து பார்ப்பது. “இது என்னால ஆவாது” என்று அவர் சொன்னால் முகம் சுளிக்காமல், வந்ததற்கான கூலியோடு அனுப்புவது. இந்தக் கடைசியில் சொன்னதுதான் கஷ்டம். பழைய கடல்கட்டி கொடுத்த அந்த மறுக்கும் உரிமையை மந்திரம் இல்லாமல், நம் காசில், நாம் கொடுக்கிறோம்.

இன்றைக்கு ஹாஸ்டலில், டீக்கடையில், கேமில் முகம் தெரியாமல் சேர்ந்து ஆடுகிறவனைக்கூட மச்சான் என்றுதான் கூப்பிடுகிறோம். வேலைக்கு வருகிறவரை அண்ணாச்சி என்கிறோம். தமிழில் உறவுப் பெயர்கள் இவ்வளவு மலிவாகக் கிடைப்பது நல்ல விஷயம் என்றே நினைக்கிறேன். முன்பின் தெரியாதவரை நொடியில் வீட்டு ஆளாக்கும் வசதி எல்லா மொழிக்கும் கிடையாது. ஆனால் அந்தப் பெயர்கள் ஒரு காலத்தில் வேலைகளின் பெயராகவும் இருந்தன. மச்சான் என்றால் கயிறு பிடிக்கிறவன். அண்ணாச்சி என்று சொல்லிவிட்டு, அவர் மூன்றாவது படியில் கால் வைக்கும்போது உள்ளே போய்விட்டால் அது வெறும் சத்தம். வாசலில் நின்று இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டு, போன் அடித்தால் அடிக்கட்டும் என்று விட்டுவிட்டு, அவர் இறங்குகிறவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பவர்தான் அந்தச் சொல்லைச் சொன்னவர்.